கோப்பிலிருந்து நான் எடுத்த கடிதம்

மக்கா,

இந்தக் கடிதத்தை நீ ஒரே மூச்சில் படித்து முடிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். நடுவில் எரிச்சல் வந்து ஃபோனை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவாய், மறுநாள் திரும்ப வந்து விட்ட இடத்தைத் தேடுவாய். வெள்ளிக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் உன்னைப் பிடித்து உட்காரவைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்த நாட்களில், "இத வச்சு நான் குவைத்துல என்னம்மா செய்யப்போறேன்?" என்று கேட்பாய். "என்னைக்காவது அம்மா ஒரு லெட்டர் போடுவேன், அதப் படிக்கிறதுக்குத்தான்" என்று நானும் சொல்லிவைப்பேன். அப்படி ஒன்றை உண்மையிலேயே எழுதவேண்டி வரும் என்று அப்போது நினைக்கவில்லை. பயந்துவிடாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருக்கலாம். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் அழித்துவிட்டேன். என் குரலில் நீ அழுகையைக் கேட்டால், சொல்லும் விஷயத்தை விட்டுவிட்டு என்னைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவாய். இந்த விஷயத்தில் என்னை யாரும் சமாதானப்படுத்த வேண்டாம்.

போன வாரம் அமெரிக்காவிலிருந்து நீ கூப்பிட்டபோது உன் குரல் சின்னப் பிள்ளையில் இருந்ததுபோல இருந்தது. "அம்மா, பட்டமளிப்புக்கு எனக்கு ரெண்டு பாஸ் தந்திருக்காங்க. ஒண்ணு உனக்கு, இன்னொண்ணு மிஸ் லொரேனுக்கு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காரணும், ஓகேவா?" என்றாய். லைன் போய்விட்டது என்று நினைத்து நாலு தடவை ஹலோ சொன்னாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. என் நாக்குதான் எழவில்லை. சுற்றி வளைக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது உன் மிஸ் லொரேன் பாதி வருடத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனார் இல்லையா, அவரைப் போகவைத்தது நான். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் என்னை நீ அங்கே வரச் சொல்வாயா மாட்டாயா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

அப்போது நாம் எப்படி இருந்தோம் என்பது உனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கும். உன் அப்பா ஃபஹாஹீலில் இருந்த வேலையை விட்டு சவுதியில் ஜுபைலில் ஒரு பிளான்ட் வேலைக்குப் போன மறுவருடமே, கேம்ப்பில் காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உனக்குப் பதினோரு வயது. உடலை ஊருக்கு அனுப்பி அடக்கம் முடித்து நாம் திரும்பியபோது, என் பள்ளிக்கூட வேலைதான் நாம் இரண்டு பேரும் இங்கே தங்குவதற்கான இக்காமாவுக்கு ஆணிவேர். உன்னை என் பெயரில் வைத்துக்கொள்ளவே தனியாக ஒரு அனுமதி, அதற்கும் ஒவ்வொரு வருடமும் மேனேஜரிடம் போய் நின்று கையெழுத்து. அந்த வேலை போனால் நீ இருக்கும் பள்ளிக்கூடமும் இந்த வீடும் ஒரே வாரத்தில் போய்விடும். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் மிச்சம் உனக்குப் புரியாது, அதனால் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் என் வேலை ஆசிரியர்களின் கோப்புகளைப் பார்ப்பது. அதுவும் உனக்குத் தெரியும், ஆனால் அந்த வேலையில் எனக்கு எவ்வளவு தலைக்கனம் இருந்தது என்பது தெரியாது. வெளிநாட்டில் வாங்கிய பட்டம் எதுவும் இங்கே தானாகச் செல்லாது. அந்த நாட்டில் ஒரு முத்திரை, அங்கிருக்கும் குவைத் தூதரகத்தில் ஒரு முத்திரை, இங்கே வந்த பிறகு இன்னொன்று, கடைசியில் கல்வி அமைச்சகம் இந்தப் பட்டம் சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கோப்பு முழுமையாக இருக்கிறது என்று நான் மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்தால்தான் மந்தூப் அதை அமைச்சகத்துக்குக் கொண்டுபோவார். மந்தூப் என்றால் அரசு அலுவலகங்களுக்கு எங்கள் காகிதங்களைச் சுமக்கிறவர். பி.எச்டி. முடித்தவர்கள்கூட என் மேசைக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு சான்றிதழைத் தடவிப் பார்த்தே அது எந்த நாடு என்று சொல்லிவிடுவேன். கடற்கரைக் குப்பத்தில் பிறந்த ஒருத்திக்கு இந்த அதிகாரம் லேசில் ஜீரணமாகுமா, சொல். எனக்கு ஜீரணமாகவில்லை.

மிஸ் லொரேன் வந்தது அந்த வருடம் செப்டம்பரில். அமெரிக்காவிலிருந்து இங்கிலீஷ் டீச்சர் வருகிறார் என்று பள்ளிக்கூடம் பெற்றோருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தது. நீ முதல் வாரத்திலேயே அவருக்கு அடிமையாகிவிட்டாய். அப்பா போனதிலிருந்து வாயைத் திறக்காத பிள்ளை, சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே அவரைப்போல நடந்து காட்டினாய், அவரைப்போலக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, "ஜென்டில்மென், நான் காத்திருக்கிறேன்" என்று பேசிக்காட்டினாய். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். அந்த வீட்டில் இரண்டரை வருடத்துக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பைக் கொடுத்தவரைத்தான் நான் அனுப்பினேன் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

அக்டோபரில் சில பெற்றோர் ஆபீசுக்கு வந்தார்கள். எல்லா நாட்டுக்காரர்களும் அதில் உண்டு, நம் ஆட்களும் இருந்தார்கள். "அமெரிக்கன் டீச்சர்னு சொன்னீங்க, இவங்கள பாத்தா அமெரிக்கன் மாதிரி இல்லியே" என்று ஒரு அம்மா கேட்டாள். மிஸ் லொரேன் கறுப்பினத்தவர் என்பதுதான் குறை; கேட்ட அந்த அம்மாவோ என்னைவிடக் கறுப்பு. மேனேஜர் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். அவர்கள் போன பிறகு என் மேசைக்கு வந்து ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "சிஸ்டர், அந்த லொரேன் ஃபைல கொஞ்சம் நல்லாப் பாருங்க. எல்லா ஃபைல்லயும் ஏதாவது ஒண்ணு இருக்கும்" என்றார். பிறகு போகிற போக்கில், "உங்க பையன் பர்மிஷன் டிசம்பர்லதான ரின்யூவல்?" என்றும் கேட்டுவிட்டுப் போனார். மிரட்டினார் என்று சொல்ல முடியாது. சிரித்த முகமாகத்தான் கேட்டார்.

நான் பார்த்தேன். ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்தது. அவருடைய சான்றிதழில் கல்லூரி ஒரு பெயரில் இருந்தது. இப்போது அதே கல்லூரி வேறு பெயரில் பல்கலைக்கழகமாக இருந்தது. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இது அவருக்குப் புதிதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் இங்கிலீஷில் சொன்னதை எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன். "மேடம், ரெண்டும் ஒரே இடம்தான். அமெரிக்காவுல எங்க தெற்குப் பக்கத்துல ஒரு காலத்துல அடிமையா இருந்தவங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தா அது சட்டப்படி குத்தம். சொல்லிக்கொடுத்தவங்களுக்கும் தண்டனை, படிச்சவங்களுக்கும் அடி. விடுதலை வந்ததும் எங்க ஆளுங்க முதல்ல கேட்டதுல ஒண்ணு பள்ளிக்கூடம். ஒரு சர்ச்சோட கீழ்த்தளத்துல ஆரம்பிச்சாங்க. பேத்தியும் தாத்தாவும் ஒரே பெஞ்சுல உக்காந்து எழுத்து படிச்சாங்க. அப்ப அதுக்குப் பேரு வெறும் ஸ்கூல். அங்க படிச்சவங்க மத்த ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கணும்னு அது டீச்சர் ட்ரெயினிங் ஸ்கூல் ஆச்சு. கட்டடம் கட்டித் தர யாரும் இல்ல, பிள்ளைங்களே செங்கல் சுட்டுக் கட்டினாங்க. அப்புறம் இன்ஸ்டிட்யூட், அப்புறம் காலேஜ். நான் படிக்கும்போது காலேஜ். நான் முடிச்ச பிறகு யூனிவர்சிட்டி. வளர்ற பிள்ளைக்குச் சட்டை மாத்துற மாதிரிதான்."

சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என் கையில் கொடுத்தார். கல்லூரிப் பதிவாளர் கையெழுத்துப்போட்டு, முத்திரை குத்தி, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே நிறுவனம்தான் என்று எழுதிய கடிதம். போகிற இடமெல்லாம் அதைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்றார். அதற்கு மேல் எந்தச் சந்தேகமும் வைக்க இடமில்லை. கடிதத்தைக் கோப்பில் சேர்த்து, குறிப்பு எழுதி, மந்தூப்பிடம் கொடுத்திருந்தால் பத்து நாளில் முடிந்திருக்கும். எழுந்து போகும்போது அவர் என்னிடம், "நீங்க எங்க படிச்சீங்க?" என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்டதுதான். நான் நாகர்கோவிலில் இருக்கும் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். அந்தப் பள்ளிக்கூடத்தின் கேட்டைக்கூட நான் தாண்டியதில்லை.

நான் எங்கே படித்தேன் என்று உனக்கும் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குப்பத்துப் பிள்ளைகளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். சேர்த்தாலும் மீன் நாற்றம் என்று தனியாக உட்காரவைப்பார்கள். அதனால் என் அப்பா பிறப்பதற்கும் முன்னாலேயே மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஓலைக் கொட்டகை போட்டு ஒரு பங்குச் சாமியார் எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். வலை இழுத்துவிட்டு வந்த பெரிய ஆட்களும் சேர்ந்து படித்திருக்கிறார்கள். ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய் கான்கிரீட் வந்தது, பெயரும் மூன்று தரம் மாறியது. என் சான்றிதழில் ஒரு பெயர், இப்போது வாசலில் வேறு பெயர். நானும் குவைத்துக்கு வரும்போது தலைமை ஆசிரியையிடம் போய் நின்று, இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். மிஸ் லொரேன் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்ன ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிந்தது. புரியாமல் செய்திருந்தால் முட்டாள்தனம் என்று சொல்லியாவது தப்பித்திருப்பேன்.

மறுநாள் மேனேஜர் வந்து, "என்ன சிஸ்டர், கெடச்சுதா?" என்றார். பேர் மாறியிருக்கிறது, ஆனால் விளக்கக் கடிதம் கொடுத்திருக்கிறார் என்றேன். "லெட்டரா? நான் பாக்கலயே. ஃபைல்ல இருந்தாத்தான லெட்டர்" என்றார். அதோடு கலாஸ், வேறு பேச்சே இல்லை, அறைக்குள் போய்விட்டார். நான் அந்தக் கடிதத்தை எடுத்தேன். காகிதம் அரைக்கும் மிஷின் எனக்குப் பின்னால்தான் இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கோப்பின் மேல், "சான்றிதழில் உள்ள பெயரும் தற்போதைய பெயரும் வேறு. தொடர்பைக் காட்டும் ஆதாரம் சமர்ப்பிக்கப்படவில்லை" என்று எழுதி என் சுருக்கொப்பம் போட்டேன். கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. என் கையெழுத்து எப்போதும்போல அழகாகத்தான் இருந்தது.

புதிய கடிதம் வரவழைக்க மிஸ் லொரேன் ஒரு மாதம் கேட்டார். பள்ளிக்கூடம் ஒரு வாரம் கொடுத்தது. அவரைக் கூப்பிட்டுக் கோப்பைக் காட்டி மேனேஜர் விளக்கியபோது நான் அதே அறையில் இன்னொரு மேசையில் இருந்தேன். அவர் அந்தக் குறிப்பைப் படித்தார், சுருக்கொப்பத்தைப் பார்த்தார், பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நீ வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்று, "மிஸ் ஏன்மா போனாங்க?" என்று கேட்டாய். "அவங்க ஊர்லயே வேலை கெடச்சிருச்சுலே, சந்தோஷமாத்தான் போறாங்க" என்றேன். டிசம்பரில் உன் அனுமதி புதுப்பித்து வந்தது. மேனேஜர் ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு வந்தேன், நீயும் நானும்தான் அதைத் தின்றோம்.

மிஸ் லொரேன் உன்னை விடமாட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ மெயில் எழுத, அவர் பதில் எழுத, படிக்கப் புத்தகம் சொல்ல, உன் கட்டுரைகளைத் திருத்தி அனுப்ப, அது பாட்டுக்கு என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நீ வந்து, மிஸ் படித்த கல்லூரியிலேயே உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது, மிஸ் இப்போது அங்கேதான் பாடம் நடத்துகிறார் என்றாய். அன்றைக்கு நான் பேசியது உனக்கு மறந்திருக்காது. "போயும் போயும் கறுப்பு ஆளுங்க காலேஜா? நம்ம நெறத்துக்கு அது ஒண்ணுதான் கொறச்சலா? கத்தார்ல ராஸ் லஃபான்ல இன்ஜினியரா போனா ராஜா மாதிரி இருக்கலாம்லே" என்றேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "அம்மா, அத சொல்றது நீதானா?" என்று மட்டும் கேட்டாய். ஐந்து மாதம் ஒரு ஃபோன் இல்லை. சர்ச்சில் கேட்டவர்களிடம் எல்லாம் அமெரிக்காவில் படிக்கிறான் என்று சொன்னேன், எந்தக் கல்லூரி என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்தப் பேச்சில் இருந்த அழுக்கு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் உன்னைத் தடுத்ததற்கு உண்மையான காரணம் அதுகூட இல்லை. நீயும் அவரும் ஒரே இடத்தில் இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் அவர் சொல்லிவிடுவார் என்ற பயம். பயத்தை மறைக்க உன் தலையில் அழுக்கைக் கொட்டினேன்.

அவர் சொல்லவில்லை. நாலு வருடமும் உன் ஒவ்வொரு ஃபோனையும் இன்றைக்குத்தான் இன்றைக்குத்தான் என்று நினைத்தே எடுத்தேன். நீயோ உன் கல்லூரிக் கதையைச் சொல்வாய். மாணவர்கள் சுட்ட செங்கல்லால் கட்டிய பழைய மண்டபத்தில் இன்னும் விரல் பதிந்த கல் இருக்கிறது என்றாய். கறுப்பினப் பிள்ளைகளை மற்றக் கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லை என்றால் அவர்களுக்கு வேறு கல்லூரி கட்டுங்கள் என்று அரசாங்கம் சொன்னபோது, அந்தத் தெற்கு மாநிலங்கள் கதவைத் திறக்காமல் வேறு கட்டின, கட்டிவிட்டு அரைவயிற்றுக்குக்கூட நிதி கொடுக்கவில்லை, அப்படியும் அங்கிருந்து டாக்டரும் நீதிபதியும் வாத்தியாரும் ஊர் ஊராய்ப் போனார்கள் என்றாய். உங்களுக்கு இங்கே இடமில்லை என்ற ஓட்டல்களில் போய் அசையாமல் உட்கார்ந்து அடி வாங்கிய பிள்ளைகளில் பலர் இப்படிப்பட்ட கல்லூரி விடுதிகளிலிருந்து கிளம்பிப் போனவர்கள் என்றாய். இப்போது எந்தக் கல்லூரிக்கும் போகலாம், ஆனாலும் ஏன் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள் என்று கேட்டேன். "இங்க யாரும் என்னைப் பாத்து நீ எப்படி உள்ள வந்தேன்னு கேக்கமாட்டாங்கம்மா" என்றாய். நீ அந்த மக்களில் ஒருவன் இல்லை, இருந்தும் உன்னை அப்படிக் கேட்காத ஒரு இடத்தில் இருந்தாய். ஃபோனை வைத்த பிறகு இந்த வீட்டில் ஏசி சத்தம் மட்டும் இருக்கும். உன் அறையை ஒரு நர்சுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன், அவள் டியூட்டிக்கும் என் டியூட்டிக்கும் நேரம் ஒத்துவராது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு எழுதி வைத்துத்தான் பேசிக்கொள்கிறோம். உன்னிடம் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் வைத்திருந்ததால், நீ பேசும்போதுகூட நான் தனியாகத்தான் இருந்தேன். அதுதான் எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது.

நீ இன்ஜினியர் ஆகவில்லை, வாத்தியாருக்குப் படித்துவிட்டாய். பட்டம் வாங்கிய கையோடு அந்த ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேரப்போகிறாய். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நீ கேட்கலாம். தப்புச் செய்தவள் என்ற தகுதிதான், அது கொஞ்சம் பெரிய தகுதி. யாராவது உன் மேசைக்கு வந்து, ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, நன்றாகப் பார், ஏதாவது இருக்கும் என்றால், அந்த இடத்திலேயே எழுந்து நின்றுவிடு. உட்கார்ந்துகொண்டு தேடத் தொடங்கினாய் என்றால் கிடைத்துவிடும். உன்னைப்போலவே கஷ்டப்பட்டு வந்த ஒருத்தரைப் பார்க்கும்போது உனக்குப் பாசம்தான் வரும் என்று நம்பாதே. எனக்கு வந்தது எரிச்சல். நான் மூடி வைத்திருந்ததை மிஸ் லொரேன் மேசைமேல் பரப்பி, இதில் என்ன வெட்கம் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். அவரை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு மேனேஜர் காரணமில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு எட்டு வருடம் ஆகியிருக்கிறது. உனக்கு அவ்வளவு நாள் ஆகக்கூடாது. அப்புறம், சாப்பாட்டு விஷயம். நூடுல்ஸை மட்டும் தின்று உயிர் வாழலாம் என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை.

நீ பாஸ் பற்றிச் சொன்ன மறுநாள் நான் மிஸ் லொரேனைக் கூப்பிட்டேன். நீ ஒருமுறை அவசரத்துக்கென்று கொடுத்துவைத்த நம்பர்தான். ஆபீசிலிருந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை, சமையலறையில் நின்றபடியே கூப்பிட்டேன். அங்கே காலை நேரம். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார். பெயரைச் சொன்னேன். "தெரியும்" என்றார். அந்தக் கடிதத்தை நான்தான் எடுத்தேன் என்றேன். அதற்கும், "தெரியும் மேடம். அத நான் உங்க கையிலதான குடுத்தேன்" என்றார். குரல் உயரவும் இல்லை, இறங்கவும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். இங்கிலீஷில் அதற்கு இருக்கும் வார்த்தைகள் எல்லாம் சீக்கிரமே தீர்ந்துபோய்விட்டன. அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, ஏனென்றால் அது வராதபோது தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வருடம் முழுவதும் வேலை இல்லாமல் இருந்ததாகவும், அவர் அம்மாவின் வைத்தியத்துக்காகத்தான் குவைத்துக்கு வந்ததாகவும் மட்டும் சொன்னார். அம்மா என்ன ஆனார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பிறகு, "பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "மேடையேறுறதுக்கு முன்னால சொல்லிடுங்க. தெரியாம அவன் நம்ம ரெண்டு பேரையும் கட்டிப்பிடிக்கிறதுல எனக்கு இஷ்டம் இல்ல" என்றார்.

நாலு வருடமாக என்னைக் குடைந்த ஒன்றை அப்போது கேட்டுவிட்டேன். எல்லாம் தெரிந்தும் ஏன் என் மகனைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்றேன். நான் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று காத்திருந்தேன். "அட்மிஷன் கமிட்டியில நானும் இருந்தேன், அவன் அப்ளிகேஷன் என் மேசைக்கு வந்துச்சு. யார் பிள்ளைன்னு பார்த்தேன். அப்புறம் ஃபைல முழுசாப் படிச்சேன். எல்லாம் சரியா இருந்துச்சு, கையெழுத்துப் போட்டேன்" என்றார். அவ்வளவுதான் மக்கா. வகுப்புக்கு நேரமாகிறது என்று ஃபோனை வைத்துவிட்டார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தபடி அழுதேன். என் பிள்ளையின் காகிதம் அந்தக் கையில் இருந்திருக்கிறது, அவர் அதைக் கிழிக்கவில்லை, நான் பிழைத்திருக்கிறேன். அவரிடம் கேட்ட மன்னிப்பை உன்னிடமும் கேட்கிறேன். அதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று கட்டாயம் இல்லை, உன் மிஸ்கூடச் சொல்லவில்லை. விசா வந்துவிட்டது, டிக்கெட் எடுக்கவில்லை. நீ முழுவதையும் படித்து முடித்த பிறகு, வரட்டுமா வேண்டாமா என்று அதை மட்டும் ஒரு வார்த்தையில் சொல்.

அம்மா